கிணற்று மேட்டில் ஓர் ஓடுதளம்

போன பருவத்தில் சேலம் மாவட்டம் தலைவாசல் பக்கம் ஒரு மக்காச்சோளக் காட்டில் டிரோன் வைத்து மருந்தடிப்பதாகச் சொன்னார்கள் என்று பார்க்கப் போயிருந்தேன். குட்டி யானை வண்டியில் இரண்டு பையன்கள் அதைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பத்து லிட்டர் டேங்க். ஏக்கருக்கு ஏழெட்டு நிமிடம்தான். படைப்புழு வந்த 2018லிருந்து சோளக்குருத்துக்குள் மருந்தை இறக்க முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு நடந்து அலுத்துப்போனவர்களுக்கு அது திருவிழா மாதிரி இருந்தது. சுற்றுவட்டக் காட்டுக்காரர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குக் கண் தரையில் போய் நின்றது. கிணற்று மேட்டில் ஒரு நீல டிரம். ஒரு பையன் பாட்டில் மூடியால் மருந்தை அளந்து ஊற்றி, கிடைத்த குச்சியால் கலக்கினான். டேங்கில் ஊற்றும்போது விளிம்பில் கொஞ்சம் வழிந்தது. டிரோன் ஆறு தடவை வந்து இறங்கியது. ஆறு தடவையும் அதே இடம், ஆறு தடவையும் கொஞ்சம் வழிந்தது. வேலை முடிந்ததும் டேங்கையும் குழாயையும் கழுவி அந்தத் தண்ணீரையும் அங்கேயே கவிழ்த்தார்கள். கிணற்றுச் சுவருக்கும் அந்த இடத்துக்கும் பத்தடி இருந்தால் அதிகம். மேடு முழுக்க அருகம்புல் படர்ந்திருக்க, அங்கே மட்டும் ஒரு கட்டில் அகலத்துக்கு மண் மொட்டையாகக் கிடந்தது. கேட்டதற்குக் காட்டுக்காரர் சாதாரணமாகச் சொன்னார்: “அங்க எதுவும் முளைக்காதுங்க. எங்கப்பா காலத்துல இருந்து அங்கதானுங்க மருந்து கலக்கறது.”

பூச்சிமருந்தால் நிலம் கெடுகிறது என்று யாராவது சொன்னால் நம் மனதில் வருவது பயிர் நிற்கும் காடு. ஆனால் ஏக்கர் கணக்கில் தெளித்த மண்ணைவிட, தெளிப்பதற்கு முன்னும் பின்னும் மருந்து கைமாறுகிற அந்தக் கட்டில் அகல மண்தான் பல மடங்கு மோசமாகக் கெட்டுப்போகிறது. உலகம் இதைத் தெரிந்துகொண்டது விமான ஓடுதளங்களில்.

விமானத்திலிருந்து மருந்து தூவுவது 1921 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் தொடங்கியது. கட்டால்பா என்ற மரத்தை மொட்டையடித்துக்கொண்டிருந்த கம்பளிப்புழுக்கள் மீது ஒரு ராணுவ விமானி ஈய ஆர்சனேட் தூளைத் தூவினார். ஈயமும் ஆர்சனிக்கும் சேர்ந்த சரக்கு அது! புழுக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. அப்புறம் கேட்கவா வேண்டும்? பருத்திக் காய்ப்புழு வண்டுக்குக் கால்சியம் ஆர்சனேட் தூவத் தனிக் கம்பெனியே வந்தது. அந்தக் கம்பெனியிலிருந்து 1928இல் பிரிந்து வளர்ந்ததுதான் இன்று உலகம் முழுக்கப் பயணிகளை ஏற்றிச் செல்லும் டெல்டா விமான நிறுவனம். ஆர்சனிக்குக்குப் பிறகு டி.டி.டி., டாக்சாஃபீன், பாரத்தியான் என்று தூள் மாறித் திரவமானது. வேலை முறை மட்டும் மாறவில்லை. ஊருக்கு வெளியே ஒரு மண் ஓடுதளம், ஓரத்தில் ஒரு கொட்டகை, தண்ணீருக்கு ஒரு கிணறு. விமானம் ஒரு நாளைக்குப் பல தடவை இறங்கும், அதே இடத்தில் நிற்கும், அதே இடத்தில் நிரப்பும், சாயங்காலம் அதே இடத்தில் கழுவும். இப்படி முப்பது நாற்பது வருடம்.

காலி டிரம்களைப் பின்னால் போட்டார்கள், சிலர் குழி தோண்டிப் புதைத்தார்கள். பிறகு மருந்துகள் ஒவ்வொன்றாகத் தடையாகின. டி.டி.டி. அங்கே 1972இல் போனது. டாக்சாஃபீனின் பெரும்பாலான பயன்பாடு 1982இல் நின்று, மிச்சம் 1990இல் போனது. கம்பெனிகள் கைமாறின, கொட்டகைகள் இடிந்தன. மண் மட்டும் எதையும் மறக்காமல் அங்கேயே இருந்தது. தோண்டிப் பார்த்தபோது நிரப்பும் மேடையைச் சுற்றிய இடத்தில்தான் விஷம் குவிந்து கிடந்தது.

வாஷிங்டன் மாநிலத்தில் எல்லென்ஸ்பர்க் என்ற ஊரின் விமானத்தளத்தில் டைனோசெப் என்ற களைக்கொல்லி மண்ணில் ஊறிக் கிடந்தது. பிறக்கும் குழந்தைக்கு ஊனம் வரலாம் என்று 1986இல் அவசரமாக நிறுத்தப்பட்ட மருந்து இது. உருளைக்கிழங்கு தோண்டும் முன் செடியைக் காயவைக்கவும் அதை அடிப்பார்கள். 1993இல் அந்த மண்ணை வெட்டியெடுத்து, தண்ணீரோடு குழப்பி, உருளைக்கிழங்கு மாவுச்சத்தையே அதில் சேர்த்தார்கள். மண்ணிலிருந்த நுண்ணுயிர்கள் மாவைத் தின்று ஆக்சிஜனைக் காலி செய்துவிட, ஆக்சிஜன் இல்லாமல் வாழும் இன்னொரு கூட்டம் தலையெடுத்து டைனோசெப்பைச் சிதைத்தது. ஒரு மாதத்துக்குள் மருந்து கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளின் மாவுத்தண்ணீர் நாற்றத்தைப் பற்றிக் காலங்காலமாகப் புலம்பும் சேலத்துக்காரனுக்கு இந்தச் செய்தியில் ஒரு தனி ருசி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எல்லா மருந்தும் இப்படிச் சொன்னபடி கேட்காது. ஆர்சனிக் ஒரு தனிமம், அதை எந்த நுண்ணுயிரும் சிதைக்க முடியாது.

வயலுக்கும் கலக்கும் இடத்துக்கும் என்ன வித்தியாசம்? வயலில் மருந்து மெல்லிய படலமாக விழுகிறது. வெயில் படுகிறது, மேல்மண்ணில் மக்கிய இலைதழையும் களிமண்ணும் அதைப் பிடித்து வைக்கின்றன, நுண்ணுயிர் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. பாதி அழிய இத்தனை நாள் என்று மருந்துப் புத்தகத்தில் போட்டிருப்பது இந்த நிலைமைக்கான கணக்கு. கலக்கும் இடத்தில் விழுவதோ பாட்டிலிலிருந்து நேராக வரும் சரக்கு. அந்தச் செறிவில் தின்ன வேண்டிய நுண்ணுயிரே செத்துப்போகும். அப்புறம் யார் சிதைப்பது? வாரக்கணக்கில் அழிய வேண்டியது அங்கே வருடக்கணக்கில் கிடக்கும். பல மருந்துகள் எண்ணெய் போன்ற கரைப்பானில் கலந்தே வருவதால், மண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டிய மருந்தும் அந்தக் கரைப்பானோடு சேர்ந்து இறங்கிவிடுகிறது. மேலே தினமும் கழுவுகிற தண்ணீர் கீழே தள்ளிக்கொண்டே இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. மோனோகுரோட்டோபாஸ் 36 சதவீதம் என்று மருந்துக்கடைகளில் வெகுகாலம் கிடைத்த மருந்தை எடுத்துக்கொள்வோம். 2023இல் மத்திய அரசு அதை நிறுத்தச் சொல்லி ஆணை போட்டது. அதில் ஒரு மில்லி என்றால் சுமார் 0.36 கிராம் விஷம். குடிநீரில் அது லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அப்படியானால் ஒரு மில்லியைக் கரைத்து அந்த எல்லைக்குள் கொண்டுவர 3,60,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணி லாரியில் முப்பது லாரி. பாட்டிலை மூடும்போது கழுத்தோரம் வழிகிறதே, அதுவே ஒரு மில்லிக்கு மேல் இருக்கும். அது முழுக்கக் கிணற்றுக்குப் போய்விடாது, மண் பெரும்பங்கைத் தடுக்கும். ஆனால் அந்த மண்ணை மொட்டையடித்துவிட்டு எவ்வளவு நாளைக்குத் தடுக்கச் சொல்வது?

மருந்துகளில் இரண்டு சுபாவம் உண்டு. டி.டி.டி., பி.எச்.சி., லிண்டேன் போன்ற குளோரின் மருந்துகள் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் எளிதில் கரையாது, ஆனால் பல பத்தாண்டுகள் போகாது. மோனோகுரோட்டோபாஸ், இமிடாகுளோபிரிட், கார்போபியூரான் போன்றவை சீக்கிரம் சிதையலாம், ஆனால் தண்ணீரோடு கூடவே ஓடும். ஓடுதளங்களில் முதல் வகை மேல்மண்ணிலும் இரண்டாம் வகை கிணற்றிலும் அகப்படுவது இதனால்தான்.

சேலத்தின் நிலம் இந்த விஷயத்தில் நமக்குச் சாதகமாக இல்லை. இங்கே கீழே இருப்பது கெட்டிப்பாறை. சேர்வராயன் மலை சார்னகைட் பாறை, சமவெளியில் பெரும்பாலும் நைஸ் என்ற பாறை. மேலே சில அடி மண், அதன்கீழ் உதிர்ந்த பாறை, அதற்குக் கீழே வெடிப்புகள். தண்ணீர் நிற்பதும் நகர்வதும் அந்த உதிர்ந்த பாறையிலும் வெடிப்புகளிலும்தான். ஆற்று மணல் படுகையாக இருந்தால் தண்ணீர் வடிகட்டப்பட்டு மெதுவாக நகரும். பாறை வெடிப்பில் அந்தப் பேச்சே இல்லை. மேலே ஊற்றியது நேராக ஊற்றுக்கண்ணுக்கு வந்துவிட வழி இருக்கிறது. ஒரு கிணற்றில் மருந்து இருக்கும், ஐம்பதடி தள்ளி இன்னொரு கிணற்றில் இருக்காது. வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது அது.

இன்னொரு குறுக்குவழி இருக்கிறது, இது மண்ணையே தாண்டிப் போகும். மோட்டார் போட்டு, ஹோஸை மருந்து டிரம்முக்குள் முங்கவிட்டுத் தண்ணீர் பிடிக்கிறோம். நடுவில் கரண்ட் போகிறது. குழாயிலிருக்கும் தண்ணீர் கிணற்றை நோக்கித் திரும்ப இறங்கும்போது, டிரம்மில் இருப்பதையும் உறிஞ்சிக்கொண்டு போகும். குழாய் அடியிலிருக்கும் ஃபுட் வால்வு சரியாக இருந்தால் தடுக்கும். நம் ஊரில் எத்தனை ஃபுட் வால்வு சரியாக இருக்கிறது என்று மோட்டாருக்குத் தினமும் தண்ணீர் ஊற்றி ஓட்டுபவர்களைக் கேட்டால் தெரியும். ஹோஸ் முனையைத் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே பிடித்தால் போதும், இது நடக்காது.

மலைக்குப் போவோம். ஏற்காட்டில் காபி வந்து 200 ஆண்டு ஆகிறது; 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தது. இங்கே விமானம் வந்து தூவியதாக நான் கேள்விப்பட்டதில்லை. நிழல் மரத்தடிக் காபிக்கு மேலிருந்து தூவியும் பயனில்லை. ஆனால் ஒவ்வொரு எஸ்டேட்டிலும் ஓடை ஓரமாக ஒரு மருந்துத் தொட்டி இருக்கும். இலைத்துருவுக்குப் போர்டோ கலவை அடிப்பார்கள். 200 லிட்டர் பேரலுக்கு ஒரு கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), ஒரு கிலோ சுண்ணாம்பு. இரண்டையும் தனித்தனியே கரைத்து ஒன்றாக ஊற்றுவார்கள், வானநீலத்தில் பால் மாதிரி வரும். அரிவாள் நுனியை அதில் சற்று நேரம் முக்கி எடுத்துப் பார்ப்பார்கள். இரும்பில் செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். பல எஸ்டேட்டுகளில் இப்போதும் இதுதான் லேப் டெஸ்ட்.

போர்டோ கலவை இயற்கை விவசாயத்திலும் அனுமதி பெற்றது என்பதால் அதை யாரும் விஷக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் செம்பும் ஆர்சனிக் மாதிரி ஒரு தனிமம்தான், அழியாது. தொட்டி அடியில் தினமும் பத்து லிட்டர் மிஞ்சி அங்கேயே கொட்டப்படுகிறது, வருடத்துக்கு இருபது நாள் இப்படி என்று வைத்துக்கொள்வோம். பத்து லிட்டரில் 50 கிராம் மயில்துத்தம். அதில் கால்பங்கு செம்பு. வருடத்துக்குக் கால் கிலோ, நாற்பது வருடத்தில் பத்துக் கிலோ. பத்துக்குப் பத்து அடி இடத்தில், அரையடி ஆழ மண்ணிலேயே அது தங்கினால் கிலோ மண்ணுக்கு ஐந்து கிராம் செம்பு. சாதாரண மண்ணில் இருப்பது மில்லிகிராம் கணக்கில், பெரும்பாலும் நூறைத் தாண்டாது. மண்புழு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது.

செம்பாவது மண்ணோடு நிற்கும், சரிவில் மண் அரித்தால்தான் ஓடைக்குப் போகும். அரபிகா காபியின் பெரிய எதிரி வெள்ளைத் தண்டு துளைப்பான். தாய்வண்டு முட்டையிடப் பறக்கும் காலம் வருடத்துக்கு இரண்டு; கோடையில் ஒன்று, மழை முடிந்து ஒன்று. அதற்குப் பல காலம் பி.எச்.சி.யும் பின்னர் லிண்டேனும் தண்டில் பூசினார்கள். பி.எச்.சி. இந்தியாவில் 1997இல் தடையானது, லிண்டேன் பயன்பாடு 2013இல் நின்றது. பூசிய தண்டுகளை எப்போதோ பிடுங்கி விறகாக்கியிருப்பார்கள். கலக்கிய தொட்டியடி இருக்கிறது. சேர்வராயன் மலையிலிருந்து திருமணிமுத்தாறு சேலம் நகரத்துக்குள் இறங்குகிறது, சரபங்கா ஓமலூர் பக்கம் போகிறது, வாணியாறு வடக்கே பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் போகிறது. மலையில் தொட்டி வைக்க இடம் தேடுபவர் ஓடையருகே வைப்பது தண்ணீர் சுமக்கும் அலுப்பால்தான், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே ஓடையில் கீழே வேறு யாரோ குடம் வைத்துப் பிடிக்கிறார்கள்.

விமானத் தெளிப்பு இந்தியாவுக்கும் வந்ததுதான். இதற்கென்றே பெங்களூருவில் எச்.ஏ.எல். செய்த ‘பசந்த்’ விமானம் 1972இல் பறந்தது. நாற்பதுக்கும் குறைவாகத்தான் செய்தார்கள். ஆனால் நம் நினைவில் நிற்பது கேரளத்தின் காசர்கோடு. அரசின் முந்திரித் தோட்டங்களில் 1970களின் கடைசியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தூவினார்கள். மேலிருந்து விழுந்ததால் மனிதர்களுக்கு என்ன ஆனது என்பது எல்லோருக்கும் தெரியும். 2011இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க அந்த மருந்தை நிறுத்தியது. அதிகம் பேசப்படாதது மிச்சச் சரக்கின் கதை. தெளிப்பு நின்று பன்னிரண்டு வருடம் கழித்து, 2012இல், கிடங்குகளில் இற்றுப்போய்க்கொண்டிருந்த பழைய பீப்பாய்களிலிருந்து அதைப் புதிய பீப்பாய்களுக்கு மாற்ற வேண்டியிருந்தது. பாழுங்கிணற்றில் கொட்டிப் புதைத்தார்கள் என்ற புகார் ஒன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1971ஆம் ஆண்டின் பூச்சிமருந்து விதிகளில் 43ஆம் விதி விமானத் தெளிப்புக்கானது. 24 மணி நேரம் முன்னதாக ஊருக்குச் சொல்ல வேண்டும், ஆடு மாட்டையும் ஆட்களையும் உள்ளே விடக்கூடாது, கழுவ வசதி செய்ய வேண்டும் என்கிறது. அடுத்த விதி, 44, கழுவிய தண்ணீரையே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது; நீர்நிலை கெடாதபடி அப்புறப்படுத்தச் சொல்கிறது. எப்படி என்று சொல்லவில்லை. காலிப் பாட்டிலுக்கு மட்டும் வழி சொல்லியிருக்கிறது: உடைத்து, குடியிருப்புக்குத் தள்ளிப் புதைத்துவிடு. அமெரிக்க ஓடுதளங்களில் செய்ததும் அதைத்தான்.

டிரோன் வந்த பிறகு இதில் ஒரு புது முடிச்சு. கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் வரை தண்ணீர் பிடிக்கும். டிரோனில் அதே ஏக்கருக்குப் பத்து லிட்டர். ஏக்கருக்கான மருந்தளவு மாறாது என்றால் டேங்கில் இருக்கும் கலவை இருபது மடங்கு கெட்டி. டிரோன் அடியில் அரை லிட்டர் தங்கினால் அது கைத்தெளிப்பான் பத்து லிட்டருக்குச் சமம். மகளிர் குழுக்களுக்கு 15,000 டிரோன் கொடுக்க மத்திய அரசு 2023இல் திட்டம் அறிவித்தது, வாடகை டிரோன்கள் ஏற்கெனவே ஊர் ஊராகச் சுற்றுகின்றன. டிரோனில் நன்மை உண்டு. மருந்தடிப்பவர் அந்தப் புகைக்குள் நடக்க வேண்டியதில்லை, அது சின்ன விஷயமல்ல. ஆனால் முன்பு ஒவ்வொரு காட்டுக்காரருக்கும் ஒரு மொட்டை இடம் இருந்தது. இப்போது ஒரே டிரோன் ஒரே நாளில் நான்கு கிணற்று மேட்டில் கழுவிவிட்டுப் போகும். முதல் காட்டில் என்ன மருந்து அடித்தார்கள் என்று நான்காவது கிணற்றுக்காரருக்குத் தெரியாது.

தண்ணீரைப் பரிசோதித்தால் தெரிந்துவிடாதா என்பார்கள். வழக்கமான தண்ணீர்ப் பரிசோதனை உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட், புளோரைடு பார்க்கும். பூச்சிமருந்தைப் பார்க்காது. அதற்குத் தனிக் கருவியும், எந்த மருந்தைத் தேடுகிறோம் என்ற பெயரும் வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் அதற்கான ஆய்வகம் இருக்கிறது. மோப்பத்தில் தெரியாது, கொதிக்க வைத்தால் பெரும்பாலானவை போகாது. சும்மா அனுப்பாமல், என்னென்ன மருந்து வாங்கினோம் என்று பழைய பில்லையோ பாட்டில் லேபிளையோ கொண்டுபோனால்தான் தேடவே முடியும்.

வழி பெரிய செலவு இல்லாதது, அதுதான் ஆத்திரமாக இருக்கிறது. ஐரோப்பாவில் ஓடைகளுக்கு வரும் பூச்சிமருந்தில் பெரும்பங்கு இந்த நிரப்பும், கழுவும் இடங்களிலிருந்து வருவதாகக் கண்டார்கள். 1990களின் தொடக்கத்தில் சுவீடன் விவசாயிகள் ஒரு குழி வெட்டினார்கள். இரண்டடி ஆழம், அடியில் களிமண், மேலே வைக்கோல் பாதி, மீதியில் மண்ணும் பீட் என்ற சதுப்புநில மட்கும், அதன்மேல் புல். நிரப்புவதும் கழுவுவதும் அதன் மேல்தான். மரத்தை மட்கவைக்கும் வெள்ளைப் பூசணம் வைக்கோலில் வளர்கிறது. மரத்தின் கெட்டி நாரை உடைக்க அது விடும் நொதி பூச்சிமருந்தையும் உடைத்துவிடுகிறது. சேலத்தில் வைக்கோல் உண்டு, பீட்டுக்குப் பதில் தென்னை நார்க்கழிவு உண்டு, களிமண் ஏரியில் உண்டு. செம்புக்கு இது உதவாது, மற்ற பலவற்றுக்கு உதவும். மழை விழாமல் மேலே ஒரு தகரம் போட வேண்டும், அவ்வளவுதான்.

குழி வெட்டச் சோம்பல் என்றால் அதைவிடச் சுலபமானது ஒன்று. காலிப் பாட்டிலை மூன்று தடவை கழுவி அந்தத் தண்ணீரை டேங்கிலேயே ஊற்றுவது. டேங்கைக் கழுவிய தண்ணீரைக் காட்டுக்குள்ளேயே, தெளித்த பயிர் மேலேயே, இடம் மாற்றி மாற்றி அடித்துவிடுவது. கலக்கும் இடத்தைக் கிணற்றை விட்டு நூறடி தள்ளி, வருடத்துக்கு ஒரு இடமாக மாற்றுவது. ஏக்கருக்கு ஒரு பேரல் தண்ணீர் சுமக்க வேண்டிய காலத்தில் இது கஷ்டம். டிரோனுக்கு ஏக்கருக்கு ஒரு கேன்தானே?

மருந்தே வேண்டியிராத இடமும் உண்டு. சில வருடம் முன்பு மரவள்ளியை மாவுப்பூச்சி அழித்தபோது சேலம், நாமக்கல் காடுகளில் அடிக்காத மருந்தில்லை, ஒன்றும் கேட்கவில்லை. 2022இல் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஒரு குட்டிக் குளவியை ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து விட்டார்கள். அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு வேலையை முடித்தது. குளவிக்கு டேங்க் கழுவ வேண்டியதில்லை.

அன்று தலைவாசலில் டிரோனை வண்டியில் ஏற்றியபின், இதில் பாதியைக் காட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மொட்டை இடத்தைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். “அந்தத் தண்ணியத்தானுங்க வீட்டுக்கும் புடிக்கிறோம்” என்றார். அப்புறம் பையன்களைக் கூப்பிட்டு, அடுத்த மாசம் வரும்போது வண்டியைக் கிழக்குப் பக்க வரப்புல நிறுத்துங்க, தண்ணிய நான் கேன்ல கொண்டாந்து தர்றேன் என்றார். அங்கே நெட்வொர்க் கிடைக்குமா என்று ஒரு பையன் கேட்டான்.